ஆறுகளில் குடியிருப்பவர்கள்

பருத்திப்பட்டில் கூவத்துக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. நகரத்துக்குள் போய்க் கெட்ட பேர் வாங்குவதற்கு முன்னால் கூவம் கொஞ்சமாவது ஆறாக நடந்துகொள்ளும் இடம் அது. பூந்தமல்லி–ஆவடி சாலையை ஒட்டியும், உள்ளே தள்ளியும் எங்கே பார்த்தாலும் கல்லூரிகள். சாயங்காலமானால் விடுதிப் பையன்கள் டீக்கடை வாசலில் கூடிவிடுவார்கள். எந்த ஹாஸ்டல் தம்பி என்று கேட்டால் 'ஏ பிளாக்', 'பி பிளாக்', 'நியூ பாய்ஸ் ஹாஸ்டல்' என்று பதில் வரும். அந்த 'நியூ' பெயின்ட் உரிந்து நிற்கும். பக்கத்தில் அதைவிடப் புதிதாக ஒன்று எழுப்பினாலும் பழையதுதான் 'நியூ'. சில இடங்களில் நிறுவனரின் தாயார் பெயர் பொன்னெழுத்தில் மின்னும். பக்கத்திலேயே ஓடுகிற கூவத்தின் பெயரை ஒரு விடுதிக்கு வைக்க யாருக்கும் மனசு வந்ததில்லை.

ஆறுகளின் பெயரையே விடுதிகளுக்கு வைத்த கல்வி நிலையம் ஒன்று இதே சென்னையில், கிண்டிக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி, கங்கா, ஜமுனா, தப்தி, பிரம்மபுத்ரா, சரஸ்வதி, அலகநந்தா, மந்தாகினி, சிந்து, பம்பா, தாமிரபரணி என்று ஆறுகளில் குடியிருக்கிறார்கள். பெண்களுக்கு சரயு, சராவதி. வளாகத்துக்குள் ஓடும் பேருந்துகளுக்கு மலைகளின் பெயர். ஆற்றிலிருந்து இறங்கி மலையில் ஏறி வகுப்புக்குப் போகலாம். இங்கேயும் கூவம் கிடையாது. கூப்பிடு தூரத்தில் ஓடும் அடையாறும் கிடையாது. உள்ளூர் ஆறுகள் இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டு, நாட்டின் மற்ற ஆறுகளையெல்லாம் அழைத்துவந்து குடிவைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்கள் பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1956இல் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைக்க உதவுகிறோம் என்று பேச்சு எழுந்தது. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் நிலையத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது இங்கே காமராஜர் முதலமைச்சர். மானும் நரியும் திரிந்த காட்டிலிருந்து சுமார் 250 ஹெக்டேர் நிலம் கொடுக்கப்பட்டது. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 120 பேர். வளாகத்தின் பெரிய சாலைகளில் ஒன்றுக்கு டெல்லி அவென்யூ, இன்னொன்றுக்கு பான் அவென்யூ என்று பெயர். காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சாலைப் பலகையே சொல்லிவிடும். சாலையில் நன்றிக்கடனைத் தீர்த்தவர்கள், விடுதிக்கு வந்தபோது ஒரு மனிதர் பெயரைக்கூட வைக்கவில்லை.

அன்றைய வழக்கத்துக்கு இது மாறானது. இதற்கு முன்னோடியான கரக்பூர் ஐஐடி 1951இல் தொடங்கியது, ஹிஜிலி என்ற இடத்தில் பிரிட்டிஷார் நடத்திய தடுப்பு முகாமின் கட்டடத்தில். 1931இல் அங்கே காவலர்கள் சுட்டதில் இரண்டு கைதிகள் இறந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நேரு, படேல், ஆசாத், லாலா லஜபதி ராய் என்று தலைவர்களின் பெயரில் விடுதிகள் எழுந்ததில் ஆச்சரியமில்லை. சென்னையிலேயே சேப்பாக்கத்தில் விக்டோரியா ஹாஸ்டல் ஒரு மகாராணியின் பெயரைத் தாங்கி நின்றது. 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் மூன்று ஹால்களில் ஒன்று புனித தாமஸ், ஒன்று பிஷப் ஹீபர். (ஹீபர் 1826இல் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் உயிர்விட்டவர்.) மூன்றாவதற்கு மட்டும் பக்கத்து ஊரின் பெயர்: சேலையூர். எனக்கு அந்த மூன்றில் பிடித்தது அதுதான்.

அப்படியிருக்க ஆறு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துப் பொறியாளர்களின் தலைக்குள் வேறென்ன ஓடியிருக்கும்! நாகார்ஜுனசாகருக்கு 1955 டிசம்பரில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது, ஹிராகுட் 1957இல் திறக்கப்பட்டது, பக்ரா எழும்பிக்கொண்டிருந்தது. அணைகளைப் புதுக் காலத்தின் கோயில்கள் என்று நேரு பேசித் திரிந்த நாட்கள். பொறியியல் படிக்க வருகிறவனுக்கு ஆறு என்றால் வருங்கால வேலை. அவனைப் படுக்கவைக்கும் கட்டடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தியா மொழிவாரியாகப் பிரிந்தது. அதே 1956இல்தான் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகளுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டமும் போட்டது. வேலி போட்டவுடன் வாய்க்காலுக்குத்தான் முதல் சண்டை வரும் என்பது தஞ்சாவூர் விவசாயிக்குத் தெரிந்த மாதிரி டெல்லிக்கும் தெரிந்திருக்கிறது. கிருஷ்ணாவுக்கு 1969இலேயே நடுவர் மன்றம் வந்தது, காவிரிக்கு 1990இல். இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டார்கள். அடிதடிக்குப் பேர்போன இந்த ஆறுகளையே எடுத்து, நாடெங்குமிருந்து வந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் குடியிருக்கும் கட்டடங்களுக்குச் சூட்டியது துணிச்சல்தான்.

அது ஏன் பலித்தது என்றால், பையன் எந்த ஆற்றங்கரையிலிருந்து வருகிறான் என்பதற்கும் எந்த ஆற்றில் அறை கிடைக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. திருநெல்வேலிக்காரன் பிரம்மபுத்ராவில் விழுவான். அஸ்ஸாம்காரன் காவேரியில் விழுந்து, மைதானத்தில் காவேரிக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். மைசூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வந்த இரண்டு பேர் சேர்ந்து நின்று காவேரிக்குக் கை தட்டுவதை வெளியே எந்த நடுவர் மன்றமும் சாதிக்கவில்லை.

பெயர் கைக்கு வந்ததும் மாணவர்கள் செய்த முதல் வேலை அதை வெட்டியது. கோதாவரி 'கோதாவ்' ஆனது. அலகநந்தா 'அலக்', சரஸ்வதி 'சரஸ்', மந்தாகினி 'மந்தாக்', ஜமுனா 'ஜாம்'. புனித நதி என்ற பயபக்தியெல்லாம் முதல் செமஸ்டரிலேயே கரைந்துபோகும். அப்புறம் வருவது போட்டி. விடுதிகளுக்கிடையிலான விளையாட்டுக் கோப்பைக்கு 'ஷ்ரோட்டர்' என்று ஜெர்மன் வாடை வீசும் பெயர். பாட்டு, நாடகம், விவாதம், வினாடி வினா எல்லாம் 'லிட்சாக்' என்ற இன்னொரு கணக்கில் சேரும். இரண்டிலும் புள்ளிகள் போவது ஆளுக்கல்ல, விடுதிக்கு.

அந்தக் கணக்குதான் மற்ற எல்லாக் கூத்துக்கும் தாய். எட்டாம் இடத்தில் வந்தாலும் ஒரு புள்ளி என்றால், எட்டாம் இடத்தில் வரக்கூடியவனும் வேண்டியவனாகிவிடுகிறான். முதலாண்டு பையன் பெட்டியை இறக்கிவைப்பதற்குள் சீனியர் வந்து நிற்பான்: கேரம் ஆடுவியா, செஸ் தெரியுமா, மிருதங்கம் வாசிப்பியா, நீச்சல் வருமா, மேடையில மிருகம் மாதிரி கத்த வருமா? ஊரில் யாரும் கேட்காத ஒரு சின்னத் திறமைக்கு இங்கே மதிப்பு பிறந்துவிடுகிறது. கூச்சம் பிடித்த பையன் ஒருவன் அறைக்குள்ளேயே நான்கு வருஷம் ஒடுங்கிக் கிடக்க முடியாது. அவனுக்குக் குறுக்கெழுத்து போடத் தெரியும் என்று எவனாவது கண்டுபிடித்துவிடுவான். சனிக்கிழமை இரவுகளில் திறந்தவெளி அரங்கில் படம் போடுவார்கள். கூச்சலும் கேலியும் படத்தை மிஞ்சும். வசனத்தைவிடப் பதில் வசனத்துக்குத்தான் கைதட்டல். 1974இல் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கிய கலைவிழா 1996இல் 'சாரங்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. விழாவின் பெயர் மாறியது. ஆறுகளின் பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெயரை மாற்றச் சொல்லிக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தமிழ்நாடு வேறு ஓர் இடத்தில் பார்த்துவிட்டது. எழுபதுகளிலிருந்து நம் அரசுப் பேருந்துக் கழகங்களுக்குப் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசர்கள் பெயர் இருந்தது. அரசர்கள் தீர்ந்ததும் தலைவர்கள் வந்தார்கள். மாவட்டங்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு தலைவருக்குப் பின்னாலும் ஒரு சாதி உரிமை கொண்டாடியது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கும் கொடுத்தாக வேண்டும். 1997இல் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது, ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு நின்றது. தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அந்த ஜூலையில் கருணாநிதி அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் ஒரே அடியாக எடுத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத பல்லவனும் சேரனும்கூடப் பலகையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் ஐஐடி வளாகத்துக்குள் மலைகள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆற்றுக்கும் மலைக்கும் சாதிச் சங்கம் கிடையாது.

இந்தச் சூட்சுமம் மற்றவர்களுக்கும் பிடிபட்டிருக்கிறது. 1961இல் பிறந்த டெல்லி ஐஐடி விடுதிகளுக்கு மலைகளைப் பிடித்தது: ஆரவல்லி, காரகோரம், நீலகிரி, விந்தியாசல், சிவாலிக், சாத்புரா. குவாஹாட்டி ஐஐடி வடகிழக்கின் ஆறுகளை எடுத்துக்கொண்டது: லோகித், காமெங், மானஸ், திஹிங். அங்கே உள்ளூர் ஆறுகளுக்கு இடம் கிடைத்தது என்பதைக் கூவத்தின் சார்பில் கவனித்துக்கொள்கிறேன். திருச்சி என்ஐடியில் ரத்தினக் கடையே விரித்திருக்கிறார்கள்: அகேட், ஆம்பர், கார்னெட், சஃபையர், ஸிர்கான், பெண்களுக்கு ஓபல். வகுப்பில் அரியர் வைத்தவனும் விலாசத்தில் டைமண்ட்தான். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஆறு வழியில் போனது. அங்கே கங்கா, ஜீலம், சட்லெஜ், காவேரி ஆகியவற்றோடு 'பெரியார்' என்று ஒரு விடுதி உண்டு. கேரளத்துப் பெரியாறு அது. இங்கிருந்து போகும் பையன்கள் முதல் பார்வையில் ஈரோட்டுக்காரரை நினைத்து நெஞ்சு நிமிர்த்துவார்கள். திருத்தாமல் விட்டுவிடுவது நல்லது.

பம்பாய் ஐஐடிதான் இந்த விஷயத்தில் சுவாரசியம். அங்கே நிர்வாகம் பெயர் வைக்கும் தலைவலியே வேண்டாமென்று எண்களைக் கொடுத்துவிட்டது: ஹாஸ்டல் 1, ஹாஸ்டல் 2. மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஒன்றாம் எண் 'வளாகத்தின் மகாராணி' ஆனது. நான்கு 'மேட்ஹவுஸ்', ஐந்து 'பென்ட்ஹவுஸ்', ஆறு 'வைக்கிங்ஸ்'. பவாய் ஏரியைப் பார்த்த ஏழாம் எண் 'லேடி ஆஃப் தி லேக்'. ஒன்பதுக்கு 'நவாப்களின் குடியிருப்பு' என்று இந்தியில் பட்டம். மேலிருந்து வந்த பெயர் வெறுமையாக இருந்தால் கீழிருந்து நிரம்பிவிடும். கரக்பூரில் தலைவர்கள் பெயர் வைத்தும்கூட அவர்களின் கொள்கைக்காக யாரும் மோதிக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு மூங்கில் தட்டிகளில் அகல் விளக்குகளை ஏற்றி எந்த ஹால் பெரிய சித்திரம் காட்டுகிறது என்பதில்தான் போட்டி. ஒரே நேரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு ஆயிரக்கணக்கான விளக்குகளைக் காட்டுவார்கள். நேருவும் படேலும் அங்கே எண்ணெய்ச் செலவில்தான் எதிரெதிர்.

மரபு என்ற பெயரில் நடந்ததெல்லாம் இவ்வளவு இனிமையானதல்ல. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு விடுதியில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு வருஷமே தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. சீனியர் கதவைத் தட்டினால் கேரமுக்காகவா வேறெதற்காகவா என்று பயந்து நடுங்கிய காலம் ஒன்று இருந்தது; இல்லை என்று சாதிக்கக் கூடாது.

பெயரில் சமாளித்ததைச் சாப்பாட்டில் சமாளிப்பது கஷ்டம். நம் ஊர் விடுதி வரலாற்றின் பெரிய சண்டையே பந்தியில் நடந்ததுதான். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுந்தார்கள். காங்கிரஸே ஆட்டம் கண்டது. முப்பது வருஷம் கழித்துத் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் வேறொரு காட்சி. ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம் அங்கே விடுதியில் இருந்தபோது அறைத்தோழர்கள் இரண்டு பேர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறித்தவர். மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ மெஸ்ஸின் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டர் காளத்தில் பாதிரியாரை விருந்துக்கு அழைத்தார்கள். பாதிரியார் ரசித்துச் சாப்பிட்டு, பையன்களோடு உட்கார்ந்து குழந்தைபோலப் பேசிக்கொண்டிருந்தார் என்று தன் சுயசரிதையில் சந்தோஷமாக நினைவுகூர்கிறார். ஒரு முஸ்லிம் மாணவர் சைவச் சமையலை நிர்வகிக்க, ஒரு பாதிரியார் வந்து சாப்பிட்டுப் பாராட்டிய அந்தப் பந்தியைப் பற்றி யாரும் மாநாடு போடவில்லை.

மாணவர்களே மெஸ் நடத்துவது என்பது நம் பக்கத்துக் கல்லூரிகளில் நன்றாக வேர்பிடித்த ஏற்பாடு. 'டிவைடிங்' என்பார்கள். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட தலைகளால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிவிடுவார்கள். மெஸ் செக்ரட்டரி விடியற்காலை கோயம்பேட்டுக்குப் போய்த் தக்காளி விலை பேச வேண்டும். விலை ஏறிய மாதத்தில் சாம்பாரில் தக்காளியைத் தேடுவார்கள். பில் ஏறினால் செக்ரட்டரியைத் தேடுவார்கள். பொருளாதாரமும் ஜனநாயகமும் ஒரே வாளியில் பரிமாறப்படும் இடம் அது. வெளி ஒப்பந்தக்காரரிடம் மெஸ்ஸை விட்ட விடுதிகளில் சாப்பாடு சிலசமயம் முன்னேறியிருக்கலாம். திட்டுவதற்குச் சொந்தக்காரன் ஒருத்தன் எதிரில் இருக்கிற சுகம் போய்விட்டது.

கிண்டி வளாகத்திலும் முன்பு விடுதிக்கு விடுதி மெஸ் இருந்தது. கோதாவ்காரன் கோதாவிலேயே சாப்பிட்டான். பிற்பாடு அவற்றைச் சேர்த்துப் பெரிய சாப்பாட்டுக்கூடம் எழுப்பி அதற்கு 'ஹிமாலயா' என்று பேர் வைத்தார்கள். 2018 டிசம்பரில் அந்த இமயத்தில் சைவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று சுவரொட்டிகள் முளைத்தன. மாணவர்களில் ஒரு பிரிவினர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், நாளிதழ்களில் செய்தி வந்தது, சுவரொட்டிகள் கழற்றப்பட்டன. சேரன்மாதேவிக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடியிருந்தது.

இப்போது சாப்பாட்டு வேளையில் அங்கே எல்லா ஆறுகளும் தட்டேந்தி வரிசையில் நிற்கின்றன. கங்கையும் அலகநந்தாவும் மந்தாகினியும் அங்கே நிற்பதில் நியாயம் உண்டு. அவை இமயத்தில் பிறந்தவை. காவேரியும் கிருஷ்ணாவும் தாமிரபரணியும் பூகோளப்படி அந்தப் பக்கமே போகாதவை. ஆனாலும் மூன்று வேளைக்கும் தட்டை எடுத்துக்கொண்டு இமயத்துக்குத்தான் ஏற வேண்டியிருக்கிறது.